சி மொழியில் ஆப்ஜெக்ட் கட்டுவது எப்படி: குளோபல் வேரியபிளில் தொடங்கி ஃபங்ஷன் அட்டவணை வரை

"ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்றால் சி++, ஜாவா. சி என்றால் புரொசீஜரல்." தரவையும் அதைத் தொடும் ஃபங்ஷன்களையும் ஒன்றாகக் கட்டினால் ஆப்ஜெக்ட் ஓரியண்டட், ஃபங்ஷன்களை வரிசையாக அழைத்து வேலை முடித்தால் புரொசீஜரல்; பல கல்லூரிகளில் இப்படித்தான் இரண்டு பேப்பராகப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். தேர்வுக்கு இது போதும். வேலைக்குப் போன பிறகு யாராவது இருபதாயிரம் வரி சி கோடைக் கையில் கொடுத்து, "இதில் இன்னொரு சென்சார் சேர்க்கணும்" என்று சொல்லும்போதுதான் அந்தப் பிரிவினை நம்மை எவ்வளவு முடக்கி வைத்திருக்கிறது என்று புரியும். எனக்கு அப்படித்தான் புரிந்தது. புரொசீஜரல் மொழியில் ஆப்ஜெக்ட் கருத்துகள் செல்லுபடியாகுமா என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நீங்கள் ஏற்கெனவே அவற்றைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள், பெயர் தெரியாமல்.

சி படித்தவர்கள் எல்லாரும் எஃப்ஓபன் பயன்படுத்தியிருப்பீர்கள். அது ஒரு ஃபைல் பாயிண்டரைத் தருகிறது. அதற்குள் பஃபர் எங்கே இருக்கிறது, எவ்வளவு படித்து முடித்திருக்கிறது, பிழை எந்தக் கொடியில் பதிவாகிறது என்று நீங்கள் திறந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வரவில்லை. பாயிண்டரை எஃப்ரீட், எஃப்ரைட் இரண்டிடமும் கொடுக்கிறீர்கள், கடைசியில் எஃப்குளோஸ். உருவாக்க ஒரு வழி, பயன்படுத்தச் சில வழிகள், அழிக்க ஒரு வழி, உள்ளே இருப்பது மறைவு. ஜாவாவில் கிளாஸ் எழுதுகிறவர் செய்வதும் இதைத்தான்.

வரலாறும் இதையே சொல்கிறது. கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற அமைப்பை மொழிக்குள் கொண்டுவந்தது நார்வேயில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகோர் இருவரும் உருவாக்கிய சிமுலா 67. பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரூப் அந்தச் சிமுலாவின் கிளாஸை எடுத்து, 1979-இல் பெல் ஆய்வகத்தில் 'சி வித் கிளாசஸ்' என்று தொடங்கினார். 1983-இல் அதற்கு சி++ என்று பெயர் வந்தது. அதன் முதல் கம்பைலரான சிஃப்ரண்ட் என்ன செய்தது தெரியுமா? சி++ கோடை வாங்கி, சி கோடாக எழுதிக் கொடுத்தது. கிளாஸ், வர்ச்சுவல் ஃபங்ஷன், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாமே சாதாரண ஸ்ட்ரக்சராகவும் ஃபங்ஷன் பாயிண்டராகவும் மாறி சி கம்பைலரிடம் போயின. இந்தக் கட்டுரையில் சிஃப்ரண்ட் செய்த வேலையை நம் கையால் செய்யப்போகிறோம். கையால் செய்யும்போது எது தேவை, எது வீண்சுமை என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

கோட் துண்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். உங்கள் எடிட்டரில் தட்டும்போது ஸ்ட்ரக்ட், இன்ட், வாய்ட் போன்ற சொற்களை வழக்கமான எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். குறியீடுகள் அப்படியேதான்.

படி 1: இந்தத் தரவு யாருடையது?

ஒரு குளிர்சாதன அறையின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் சின்னக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வடிவத்தில் ஒரே ஒரு சென்சார், எல்எம்35. இது ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். 28 டிகிரி என்றால் 280 மில்லிவோல்ட். கோட் இப்படி இருக்கும்:

இன்ட் கடைசி_அளவு;
இன்ட் திருத்தம்;
இன்ட் பிழை_எண்ணிக்கை;
இன்ட் வாசி(வாய்ட்);

ஒரு அறை இருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது அறை வருகிறது. அவசரத்தில் இருப்பவர் கடைசி_அளவு2, திருத்தம்2, வாசி2 என்று நகல் எடுப்பார். மூன்றாவது அறை வரும்போது வாசி3-க்குள் ஓரிடத்தில் திருத்தம்2 என்றே விட்டுவிடுவார். கருவி ஓடும், எண்ணும் வரும், ஆனால் தவறான எண். இந்த வகைப் பிழை கண்ணில் படவே படாது.

நீங்கள் வேலை செய்யும் பழைய கோடில் இதைச் செய்து பாருங்கள். ஒரு தாளில் குளோபல் வேரியபிள்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எந்த ஃபங்ஷன் படிக்கிறது, எது மாற்றுகிறது என்று எழுதுங்கள். சில வேரியபிள்கள் எப்போதும் கூட்டமாகவே வரும்; ஒரே ஃபங்ஷன்கள்தான் அவற்றைத் தொடும். அந்தக் கூட்டம்தான் உங்கள் ஆப்ஜெக்ட். அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது, யாரும் வேலி போடவில்லை, அவ்வளவுதான்.

வேலியை எங்கே போடுவது என்பதற்கு டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இன்றைக்கும் நல்ல வழி காட்டுகிறது. வேலை நடக்கும் வரிசைப்படி புரோகிராமைப் பிரிக்காதீர்கள், பின்னால் மாறக்கூடிய முடிவு எதுவோ அதை ஒவ்வொரு மாட்யூலும் தனக்குள் மறைத்து வைக்கட்டும் என்பது அவருடைய வாதம். நம் கருவியில் மாறக்கூடியது எது? சென்சாரின் வகை. ஆகவே வேலி அதைச் சுற்றித்தான்.

படி 2: ஸ்ட்ரக்சரும் முதல் ஆர்குமெண்ட்டும்

ஸ்ட்ரக்ட் சென்சார் {
    இன்ட் ஏடிசி_சேனல்;
    இன்ட் திருத்தம்;
    இன்ட் கடைசி_அளவு;
    இன்ட் பிழை_எண்ணிக்கை;
};

இன்ட் சென்சார்_வாசி(ஸ்ட்ரக்ட் சென்சார் *ச, இன்ட் *விடை);

ஏடிசி என்பது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி; சென்சார் அதன் எந்த வழியில் இணைந்திருக்கிறது என்பதே சேனல் எண். இதில் மூன்று பழக்கங்கள் இருக்கின்றன. எல்லா ஃபங்ஷனும் 'சென்சார்_' என்று தொடங்குகிறது; சி-யில் நேம்ஸ்பேஸ் கிடையாது, முன்னொட்டுதான் அந்த வேலையைச் செய்யும். எந்த சென்சார் என்பது எப்போதும் முதல் ஆர்குமெண்ட்டாக வருகிறது. சி++-இல் கண்ணுக்குத் தெரியாமல் 'திஸ்' என்று போவது இங்கே வெளிப்படையாகப் போகிறது. மூன்றாவது, ரிட்டர்ன் ஆவது வேலை முடிந்ததா என்ற நிலை மட்டும். வெப்பநிலை தனியாக 'விடை'யில் வருகிறது. பிழை என்றால் -1 திருப்பலாமே என்று தோன்றும். குளிர்சாதன அறையில் -1 உண்மையான வெப்பநிலை. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் பிழையும் அளவும் ஒன்றாகிவிடும்.

இத்தோடு நிறுத்தினாலே உங்கள் கோட் பாதி சரியாகிவிடும். இப்போது பத்து அறைக்குப் பத்து ஸ்ட்ரக்சர், ஒரே ஒரு வாசி.

படி 3: உள்ளே இருப்பதை மறைப்பது

ஸ்ட்ரக்சர் எல்லார் கண்ணிலும் படும்படி ஹெடர் ஃபைலில் இருந்தால், யாராவது ஒருவர் எங்கிருந்தாவது கடைசி_அளவை நேரடியாக மாற்றத்தான் செய்வார். தடுக்கும் வழி எளிது. ஹெடரில் இந்த ஒரு வரியும் ஃபங்ஷன் அறிவிப்புகளும் மட்டும் இருக்கட்டும்:

ஸ்ட்ரக்ட் சென்சார்;

முழு ஸ்ட்ரக்சரை சி ஃபைலுக்குள் எழுதுங்கள். இப்போது வெளியே இருப்பவர் பாயிண்டரைக் கையில் வைத்துக்கொள்ளலாம்; உள்ளே கை வைத்தால் கம்பைலர் நிறுத்திவிடும். உதவி ஃபங்ஷன்களுக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' போடுங்கள். அவை அந்த ஃபைலைத் தாண்டி வெளியே தெரியாது. என்கேப்சுலேஷன் என்ற நீளமான பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலை சி-யில் இவ்வளவுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சி++ கிளாஸில் பிரைவேட் உறுப்புகளைக்கூட ஹெடரில்தான் எழுத வேண்டும், ஒன்றை மாற்றினால் அந்த ஹெடரைச் சேர்த்த எல்லா ஃபைலும் மறுபடி கம்பைல் ஆகும். மேலே சொன்ன சி முறையில் ஹெடர் மாறவே மாறாது. இந்த ஒரு விஷயத்தில் பழைய மொழியின் மறைப்பு இன்னும் இறுக்கமானது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்ட்ரக்சரின் அளவு வெளியே தெரியாததால், வெளியே இருப்பவர் அதை லோக்கல் வேரியபிளாக வைத்துக்கொள்ள முடியாது. மெமரியை நீங்கள்தான் ஒதுக்கித் தர வேண்டும்.

படி 4: பிறப்பும் இறப்பும்

சி++-இல் கன்ஸ்ட்ரக்டரும் டிஸ்ட்ரக்டரும் தானாக ஓடும். சி-யில் தானாக எதுவும் ஓடாது. ஆகவே 'சென்சார்_உருவாக்கு', 'சென்சார்_விடுவி' இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். உருவாக்குவதை இன்றைக்கு எழுதிவிட்டு விடுவிப்பதை நாளைக்குத் தள்ளினால், நாளை வேறு வேலை வந்துவிடும்.

உருவாக்கும் ஃபங்ஷனில் எல்லா உறுப்புக்கும் மதிப்பு கொடுங்கள், ஒன்றையும் விடாமல். மைக்ரோகன்ட்ரோலரில் (கருவிக்குள் இருக்கும் சின்னக் கணினிச் சில்லு) மாலக் (ஓடும்போது மெமரி கேட்கும் ஃபங்ஷன்) வேண்டாம் என்று நினைப்பவர்கள், நானும் அந்தக் கட்சிதான், சி ஃபைலுக்குள்ளேயே எட்டு சென்சாருக்கு ஒரு ஸ்டாட்டிக் அர்ரே வைத்து, காலியாக இருப்பதன் பாயிண்டரைத் திருப்பலாம். ஒன்பதாவதாகக் கேட்டால் நல் பாயிண்டர், அதாவது எதையும் காட்டாத பாயிண்டர். வெளியே இருப்பவருக்கு மெமரி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம்.

விடுவிக்கும் ஃபங்ஷன் நல் பாயிண்டரை வாங்கினால் சும்மா திரும்பி வரட்டும். மாலக் தந்த மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ ஃபங்ஷனும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. பாதியில் பிழை வந்து எல்லாவற்றையும் மூடும்போது இந்தச் சின்ன ஏற்பாடு நிறைய இஃப் வரிகளை மிச்சப்படுத்தும்.

படி 5: ஒரே அழைப்பு, பல நடத்தை

இதுதான் இந்த வழிகாட்டியின் நெஞ்சு. நிதானமாகப் படியுங்கள்.

மூன்றாவது அறைக்கு டிஎஸ்18பி20 சென்சார் வாங்கி வருகிறார்கள். இது அனலாக் வோல்டேஜ் தராது. ஒரே வயரில் டிஜிட்டலாகப் பேசும். 12 பிட் முறையில் தரும் எண்ணை 16-ஆல் வகுத்தால் டிகிரி. 28 டிகிரிக்கு 448 வரும். பலரும் முதலில் செய்வது, ஸ்ட்ரக்சரில் 'வகை' என்று ஒன்றைச் சேர்த்து ஸ்விட்ச் போடுவது. இரண்டு வகைக்கு அது நல்ல வழிதான், வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் வாசியில் ஒரு ஸ்விட்ச், தொடங்குவதில் ஒன்று, மூடுவதில் ஒன்று என்று நான்கைந்து இடத்தில் அதே ஸ்விட்ச் வந்துவிட்டால், புது வகை சேர்க்கும்போது ஏதோ ஓர் இடத்தை மறப்பது உறுதி. அப்போது ஃபங்ஷன் பாயிண்டருக்கு மாறுங்கள்.

ஃபங்ஷன் பாயிண்டர் என்றதும் பயப்பட வேண்டாம். சி-யின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான கியூசார்ட்டுக்கு ஒப்பிடும் ஃபங்ஷனைக் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா? எதை வரிசைப்படுத்துகிறோம் என்று கியூசார்ட்டுக்குத் தெரியாது. ஒப்பிடுவதை நீங்கள் கொடுத்த ஃபங்ஷனிடம் விட்டுவிடுகிறது. நாம் செய்யப்போவதும் அதுவே. ஒன்றுக்குப் பதில் ஒரு கட்டாகக் கொடுக்கப்போகிறோம்.

இங்கே எல்எம்35-ஐ மட்டும் பார்த்து அட்டவணை போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எல்எம்35-க்கு 'வாசி' என்ற ஒரே செயல் போதும். டிஎஸ்18பி20-இல் 'அளந்துகொள்' என்று முதலில் சொல்ல வேண்டும். அது அளந்து முடிக்க 12 பிட்டில் 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். பிறகுதான் விடையை எடுக்க முடியும். 'வாசி'க்குள்ளேயே முக்கால் செகண்ட் காத்திருந்தால் கருவி முழுக்க உறைந்து நிற்கும். எட்டு சென்சார் என்றால் ஆறு செகண்ட். ஆகவே செயலை இரண்டாக உடைக்க வேண்டும்:

ஸ்ட்ரக்ட் சென்சார்_செயல்கள் {
    இன்ட் (*தொடங்கு)(ஸ்ட்ரக்ட் சென்சார் *ச);
    இன்ட் (*அளக்கச்_சொல்)(ஸ்ட்ரக்ட் சென்சார் *ச);
    இன்ட் (*விடை_எடு)(ஸ்ட்ரக்ட் சென்சார் *ச, இன்ட் *விடை);
    வாய்ட் (*மூடு)(ஸ்ட்ரக்ட் சென்சார் *ச);
};

எல்எம்35-இன் அளக்கச்_சொல் ஒன்றும் செய்யாமல் 0 திருப்பும். இதிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: நிஜமான இரண்டு வகைகள் மேஜைமேல் இருக்கும்வரை இன்டர்ஃபேஸ் வரைவதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக் கற்பனையில் வரைந்த இன்டர்ஃபேஸ் இரண்டாவது வகை வந்ததும் உடைகிறது.

சென்சார் ஸ்ட்ரக்சர் இப்போது இப்படி ஆகிறது (ஏடிசி_சேனல் எல்எம்35-க்கு மட்டுமே உரியது, அது படி 6-இல் வரும்):

ஸ்ட்ரக்ட் சென்சார் {
    கான்ஸ்ட் ஸ்ட்ரக்ட் சென்சார்_செயல்கள் *செயல்;
    இன்ட் திருத்தம்;
    இன்ட் கடைசி_அளவு;
    இன்ட் பிழை_எண்ணிக்கை;
};

நான்கு ஃபங்ஷன் பாயிண்டர்களையும் சென்சாருக்குள்ளேயே ஏன் வைக்கவில்லை என்று கேட்கலாம். 32 பிட் கன்ட்ரோலரில் ஒரு பாயிண்டர் 4 பைட். நான்கும் உள்ளே இருந்தால் சென்சாருக்கு 16 பைட். அட்டவணைக்கு ஒரு பாயிண்டர் மட்டும் என்றால் 4 பைட். எட்டு சென்சாரில் 96 பைட் ராம் மிச்சம். அட்டவணை கான்ஸ்ட் என்பதால் அது ஃபிளாஷில் உட்கார்ந்துகொள்ளும், தவறுதலாக யாரும் அதன்மேல் எழுதவும் முடியாது. இந்த அட்டவணையைத்தான் சி++ கம்பைலர்கள் விடேபிள் என்று பெயரிட்டு மறைவாகக் கட்டுகின்றன.

கடைசியாக, இந்த அட்டவணையை வெளியே இருப்பவர் நேரடியாகத் தொடக் கூடாது. நடுவில் ஒரு சாதாரண ஃபங்ஷன் நிற்கட்டும்:

இன்ட் சென்சார்_விடை_எடு(ஸ்ட்ரக்ட் சென்சார் *ச, இன்ட் *விடை)
{
    இன்ட் நிலை = ச->செயல்->விடை_எடு(ச, விடை);
    இஃப் (நிலை != 0) {
        ச->பிழை_எண்ணிக்கை++;
        ரிட்டர்ன் நிலை;
    }
    *விடை += ச->திருத்தம்;
    ச->கடைசி_அளவு = *விடை;
    ரிட்டர்ன் 0;
}

திருத்தம் கூட்டுவது, பிழை எண்ணுவது ஆகிய பொது வேலைகள் இந்த ஓர் இடத்தில் முடிந்துவிடுகின்றன. ஒவ்வொரு சென்சார் வகையும் தனக்கே உரியதை மட்டும் செய்தால் போதும்.

இது ஏதோ சின்னக் கருவிக்கான உத்தி என்று நினைக்க வேண்டாம். லினக்ஸ் கெர்னலில் 'ஃபைல் ஆபரேஷன்ஸ்' என்ற ஸ்ட்ரக்சர் இதே வடிவம்தான்: திறக்க, படிக்க, எழுத, மூட என்று ஃபங்ஷன் பாயிண்டர்களின் அட்டவணை. ஹார்டு டிஸ்க்கில் உள்ள ஃபைலையும் சீரியல் போர்ட்டையும் பைப்பையும் ஒரே ரீட் அழைப்பால் படிக்க முடிவது இதனால்தான். ஒரு டிரைவர் எழுதும் வசதி தராவிட்டால் அந்த இடத்தை நல் ஆக விட்டுவிடலாம். கெர்னல் அதைப் பார்த்துப் பிழை எண்ணைத் திருப்பிவிடும். பைத்தானில் எல்லாமே ஆப்ஜெக்ட் என்பார்கள். அதை ஓட்டுகிற சிபைத்தான் சி-யில் எழுதப்பட்டது. அங்கே ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும், அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் தன் வகையைக் காட்டும் ஒரு பாயிண்டரையும் சுமந்து நிற்கிறது. அந்த வகைக்குள் ஃபங்ஷன் பாயிண்டர்களின் நீண்ட அட்டவணை.

படி 6: இன்ஹெரிட்டன்ஸ், அளவோடு

ஒரு வகை இன்னொன்றின் உறுப்புகளைப் பெற்றுக்கொள்வதுதான் இன்ஹெரிட்டன்ஸ். எல்எம்35-க்கு ஏடிசி சேனல் எண் வேண்டும். டிஎஸ்18பி20-க்கு 64 பிட் அடையாள எண் வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது 'சென்சார்'. பொதுவானதை உள்ளே முதல் உறுப்பாக வையுங்கள்:

ஸ்ட்ரக்ட் எல்எம்35 {
    ஸ்ட்ரக்ட் சென்சார் அடி;
    இன்ட் ஏடிசி_சேனல்;
};

ஸ்ட்ரக்சரின் முதல் உறுப்புக்கு முன்னால் எந்த இடைவெளியும் இருக்காது என்று சி ஸ்டாண்டர்டே உறுதி தருகிறது. எனவே எல்எம்35-இன் முகவரியும் அதற்குள் இருக்கும் அடியின் முகவரியும் ஒன்றே. எல்எம்35-இன் விடை_எடு ஃபங்ஷன் சென்சார் பாயிண்டரை வாங்கி, அதை எல்எம்35 பாயிண்டராக மாற்றிக்கொண்டு சேனல் எண்ணைப் பார்க்கலாம்.

இங்கே நான் ஒரு முறை பட்டது. வேலை பார்த்த ஓரிடத்தில், சென்சாருக்குப் பெயர் வேண்டும் என்று ஸ்ட்ரக்சரின் உச்சியில் ஒரு எழுத்து அர்ரேயைச் சேர்த்தேன், 'அடி'க்கு மேலே. ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆனது. பவர் கொடுத்ததும் கருவி ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. ஒன்றரை நாள் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நடந்தது இதுதான்: பெயரின் முதல் நான்கு எழுத்துகளை அட்டவணையின் முகவரி என்று நினைத்து புரொசஸர் அங்கே தாவியிருக்கிறது. காஸ்ட் போட்டு மாற்றிய இடங்களில் கம்பைலர் நம்மை நம்பிவிடும். அதுதான் காஸ்ட்டின் பொருளே.

அதிலிருந்து மூன்று காவல் வைத்திருக்கிறேன். கீழிருந்து மேலே, அதாவது எல்எம்35-இலிருந்து சென்சாருக்குப் போகும்போது காஸ்ட் போடுவதில்லை; '&எல்->அடி' என்று உறுப்பின் முகவரியையே எடுக்கிறேன், அது எங்கே இருந்தாலும் சரியாக வரும். மேலிருந்து கீழே வரும்போது லினக்ஸ் கெர்னலின் 'கன்டெய்னர் ஆஃப்' மேக்ரோ போல, ஆஃப்செட்டை (ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலிருந்து அந்த உறுப்பு இருக்கும் தூரம்) கழித்து வருகிறேன். அதற்கும் முன்னால் 'ச->செயல் == &எல்எம்35_செயல்கள்' என்று ஓர் அசர்ட் (பொய்யானால் புரோகிராமை அங்கேயே நிறுத்தும் சோதனை); டிஎஸ்18பி20-ஐத் தவறுதலாக எல்எம்35 என்று நினைத்துத் திறப்பதை அது அங்கேயே பிடித்துவிடும். முதல் உறுப்பாக இருந்தே ஆக வேண்டும் என்றால் சி11-இன் ஸ்டாட்டிக் அசர்ட்டில் ஆஃப்செட் 0 தானா என்று கேட்டுவிடுங்கள்; நான் செய்த தவறை நீங்கள் செய்தால் கம்பைலே ஆகாது.

இன்னொரு பொறியும் உண்டு. எல்எம்35 பாயிண்டரை ஆர்குமெண்ட்டாக வாங்கும் ஃபங்ஷனை எழுதி, அதைக் காஸ்ட் செய்து அட்டவணையில் செருகுவதைப் பல கோடில் பார்க்கிறேன். பொருந்தாத வகைப் பாயிண்டர் வழியாக ஒரு ஃபங்ஷனை அழைப்பது வரையறுக்கப்படாத நடத்தை. இன்று ஓடும், கம்பைலர் பதிப்பு மாறினால் என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஃபங்ஷன் எப்போதும் சென்சார் பாயிண்டரையே வாங்கட்டும். மாற்றுவதை உள்ளே போய்ச் செய்யுங்கள்.

படி 3-இல் ஸ்ட்ரக்சரை மறைத்தோமே, இப்போது எல்எம்35 அதை எப்படி உள்ளே வைக்கும் என்ற கேள்வி வரும். இரண்டு ஹெடர் வையுங்கள். ஒன்று பயன்படுத்துபவர்களுக்கு, பாயிண்டர் மட்டும். மற்றொன்று புதிய சென்சார் வகை எழுதுபவர்களுக்கு, முழு ஸ்ட்ரக்சரோடு. மெமரி ஒதுக்கும் வேலையும் அந்தந்த வகையின் ஃபைலுக்குப் போய்விடும். இரண்டாவது ஹெடரை மெயின் ஃபைலில் யாராவது சேர்த்தால் கோட் ரிவியூவில் நிறுத்துங்கள்.

இன்ஹெரிட்டன்ஸ் ஒரு தட்டோடு போதும் என்பது என் கருத்து. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தட்டு கட்டினால் ஒவ்வொரு உறுப்பையும் 'அடி.அடி.' என்று தேடிப் போக வேண்டியிருக்கும். ஜிடிகே விண்டோ நூலகத்தின் அடியில் இருக்கும் ஜிஆப்ஜெக்ட், சி-யிலேயே முழுமையான கிளாஸ் மரம் கட்டிக் காட்டியிருக்கிறது. சிக்னல், பிராப்பர்ட்டி எல்லாம் உண்டு. ஆனால் ஒரு புதிய கிளாஸுக்கு எழுத வேண்டிய சடங்கு வரிகள் அத்தனை. அந்தச் சுமையைக் குறைக்கவே ஜிஆப்ஜெக்ட் சி கோடாக மாறும் வாலா என்ற தனி மொழி வந்தது. உங்கள் வேலைக்கு அவ்வளவு பெரிய மரம் உண்மையிலேயே தேவை என்றால், அப்போது சி++-க்குப் போங்கள். கம்பைலர் அந்த வேலையைத் தவறில்லாமல் செய்யும்.

படி 7: சி அல்லாத பழைய மொழிகளில்

கோபாலிலோ ஃபோர்ட்ரானிலோ இருப்பவர்கள் முதலில் தங்கள் கம்பைலர் எந்த ஸ்டாண்டர்டைப் பின்பற்றுகிறது என்று பாருங்கள். டர்போ பாஸ்கல் 1989-இல் 5.5 பதிப்பிலேயே ஆப்ஜெக்ட்டைச் சேர்த்துவிட்டது. கோபாலுக்கு 2002 ஸ்டாண்டர்டிலும் ஃபோர்ட்ரானுக்கு 2003 ஸ்டாண்டர்டிலும் இந்த வசதிகள் வந்தன.

பழைய கோபால்தான் கையில் இருக்கிறது என்றாலும் வழி உண்டு. வொர்க்கிங் ஸ்டோரேஜ் ஒரு புரோகிராமுக்கு ஒரே பிரதிதான். ஆகவே ஒவ்வொரு சென்சாரின் தரவையும் அங்கே வைக்காமல், லிங்கேஜ் செக்ஷன் வழியாக வெளியிலிருந்து வாங்குங்கள். அதுதான் உங்கள் முதல் ஆர்குமெண்ட். பாலிமார்ஃபிசத்துக்கு, அதாவது ஒரே அழைப்பில் பல நடத்தைக்கு, ஃபங்ஷன் பாயிண்டர் தேவையில்லை: கால் கட்டளையில் புரோகிராமின் பெயரை நேரடியாக எழுதாமல் ஒரு டேட்டா நேமைக் கொடுக்கலாம். அந்த ஃபீல்டில் எந்தப் புரோகிராமின் பெயர் இருக்கிறதோ அது ஓடும்.

ஃபோர்ட்ரான் 77-இல் நிலைமை கடினம். ஒரு சப்ரொட்டீனை ஆர்குமெண்ட்டாக அனுப்பலாம், ஆனால் வேரியபிளில் சேமித்து வைக்க முடியாது. ஸ்ட்ரக்சரும் இல்லை. அங்கே வகை எண்ணும் இஃப் வரிகளும்தான் கதி. அந்த இஃப் வரிகள் எல்லாவற்றையும் ஒரே ஒரு சப்ரொட்டீனுக்குள் அடைத்து வைப்பதே செய்யக்கூடிய பெரிய நன்மை.

படி 8: பொய் சென்சாரை வைத்துச் சோதிப்பது

இத்தனை உழைப்பின் பலனை நான் முழுதாக உணர்வது இந்தப் படியில்தான். டிஎஸ்18பி20-க்கு ஒரு குணம் உண்டு. பவர் வந்ததும், அளக்கச் சொல்வதற்கு முன் விடையை எடுத்தால், 85 டிகிரி என்று சொல்லும். அந்த ரெஜிஸ்டரின் தொடக்க மதிப்பே அதுதான், 1360. குளிர்சாதன அறையில் ஒரு கண் இமைக்கும் நேரம் மின்சாரம் தடுமாறினால் கருவி 85 என்று நம்பி அலாரம் அடித்துவிடும். இதைப் பார்த்துக்கொள்ள வேண்டியது மெயின் லூப்பா? இல்லை. டிஎஸ்18பி20-இன் ஃபைலுக்குள் 1360 வந்தால் 'சந்தேகம்' என்ற நிலையைத் திருப்பட்டும். மெயின் லூப்புக்குத் தெரிய வேண்டியது, இந்த விடையை நம்பாதே, மறுபடி அளக்கச் சொல் என்பது மட்டுமே.

இதைச் சோதிக்க நிஜ சென்சாரின் வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்க வேண்டாம். 'பொய்_சென்சார்' என்று மூன்றாவது வகை ஒன்றை எழுதுங்கள். அதற்குள் எண்களின் அர்ரே ஒன்று, எத்தனையாவதில் இருக்கிறோம் என்று ஓர் எண். அதன் விடை_எடு அடுத்த எண்ணை எடுத்துத் தரும்; குறித்த இடத்தில் 'சந்தேகம்' திருப்பும். இருபது வரிகூட வராது. மெயின் லூப்பில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். 4, 4, 5, சந்தேகம், 5, 4 என்று கொடுத்து, கன்ட்ரோலர் போர்டே இல்லாமல் உங்கள் லேப்டாப்பில் ஓட்டுங்கள். அலாரம் அடிக்கக் கூடாது. பிறகு 4, 9, 14, 15, 15 என்று கொடுங்கள். அடிக்க வேண்டும்.